செட்டப்கம்ப்ளீட் ஓடாத மடிக்கணினிகள்

கோப்பு அதன் இடத்தில்தான் இருந்தது. நான் எழுதிய வரிகளும் அப்படியே இருந்தன. ஆனால் ஒரு வரிகூட ஓடியிருக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்த 6 புதிய மடிக்கணினிகளில் விண்டோஸைப் புதிதாக நிறுவும் வேலை என்னிடம் வந்திருந்தது. நிறுவி முடித்ததும் மென்பொருள்களைப் போடுவது, மின்சேமிப்பு அமைப்பை மாற்றுவது என ஒவ்வொன்றிலும் ஒரே வேலையைக் கையால் செய்ய மனம் வரவில்லை. அதனால் செட்டப்கம்ப்ளீட்.சிஎம்டி என்ற ஸ்கிரிப்டை, அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள் கொண்ட கோப்பை, எழுதினேன். நிறுவல் பென் டிரைவின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் $ஓஇஎம்$, அதற்குள் $$, அதற்குள் செட்டப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஃபோல்டர்களை உருவாக்கி அதில் வைத்தால் போதும். $$ என்பது விண்டோஸ் ஃபோல்டரைக் குறிக்கும். நிறுவலின்போது கோப்பு தானாக அங்கே போய்ச் சேரும். நிறுவல் முடிந்து, உள்நுழைவுத் திரை வருவதற்கு முன் விண்டோஸ் அதை ஓட்டும்.

முதலில் மெய்நிகர் கணினியில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், சோதித்தேன். அங்கே ஸ்கிரிப்ட் ஓடியது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. நிறுவல் திரை நகராமல் அப்படியே இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்தேன். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், ஒரு மென்பொருளின் நிறுவி சும்மா உட்கார்ந்திருக்கிறது. யாராவது ‘அடுத்து’ பொத்தானை அழுத்துவார்கள் என்று அது காத்திருந்தது. ஆனால் இந்த ஸ்கிரிப்ட் ஓடுவது விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் சிஸ்டம் கணக்கின் கீழ், அந்தச் சாளரம் திரையில் தெரியவே இல்லை. அன்றிலிருந்து, கேள்வி கேட்காமல் நிறுவும் வழி இல்லாத எதையும் ஸ்கிரிப்டில் சேர்ப்பதில்லை. எம்எஸ்ஐ வகை நிறுவல் கோப்பு என்றால், கேள்வி கேட்காமல் நிறுவ /க்யூஎன், கூடவே மறுதொடக்கத்தைத் தடுக்க /நோரீஸ்டார்ட். இரண்டாவது மிக முக்கியம். இந்த ஸ்கிரிப்டின் நடுவே கணினி மறுதொடக்கமானால், விட்ட இடத்திலிருந்து அது தொடராது, நிறுவலே குலைந்துபோகலாம்.

அடுத்து இன்னொரு குழப்பம். கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும்படி, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை எழுதியிருந்தேன். வெற்றி என்று, நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு சொன்னது. டெஸ்க்டாப்பில் எந்த மாற்றமும் இல்லை. ‘தற்போதைய பயனர்’ என்ற ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் தற்போதைய பயனர் சிஸ்டம் கணக்குதான். யாரும் உட்கார்ந்து பார்க்காத ஒரு கணக்கின் அமைப்பைத்தான் மாற்றியிருக்கிறேன். இயல்புநிலைப் பயனரின் ரெஜிஸ்ட்ரிக் கோப்பை ஏற்றி, அதில் எழுதி, மறக்காமல் இறக்கிவைத்தேன். அதன் பிறகு உருவாகும் ஒவ்வொரு கணக்கும் அந்த அமைப்போடுதான் பிறக்கிறது.

இவ்வளவும் சரியான பிறகுதான் மடிக்கணினிகளுக்கு வந்தேன். அங்கே முழு அமைதி. கோப்பின் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டதோ என்று முதலில் பார்த்தேன், இல்லை. பிறகு விண்டோஸ் ஃபோல்டரில் பேந்தர், அதற்குள் அன்அட்டெண்ட்ஜிசி என்று போய், செட்டப்ஆக்ட் பதிவுக் கோப்பைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்துத் தேடியதும் விடை கிடைத்தது: ஓஇஎம் உரிமம் கண்டறியப்பட்டது, ஆகவே செட்டப்கம்ப்ளீட் ஓட்டப்படாது.

தயாரிப்பாளர் விண்டோஸோடு விற்கும் மடிக்கணினியின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருளிலேயே, ஓஇஎம் (தயாரிப்பாளர்) உரிம எண் பதிந்திருக்கும். நிறுவி அதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. என்டர்பிரைஸ், சர்வர் பதிப்புகள் தவிர மற்றவற்றில் அந்த வகை எண் இருந்தால் இந்த ஸ்கிரிப்டுக்கு இடமில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணத்திலேயே இது இருக்கிறது. நான்தான் அதுவரை படித்திருக்கவில்லை. மெய்நிகர் கணினியில் அத்தகைய எண் இல்லாததால் அங்கே ஓடியது.

ஆகவே ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்து, பென் டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வைக்கும் ஆட்டோஅன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல் என்ற விடைக்கோப்பிலிருந்து, அதாவது நிறுவியின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தரும் கோப்பிலிருந்து, அழைத்தேன். கணினி முழுமைக்குமான அமைப்புகளும் இயல்புநிலைப் பயனரின் ரெஜிஸ்ட்ரி வேலையும் நிறுவலின் நடுவே வரும் ‘ஸ்பெஷலைஸ்’ கட்டத்துக்குப் போயின. இதுவும் சிஸ்டம் கணக்கில்தான் ஓடுகிறது, ஆனால் உரிம எண்ணைப் பார்ப்பதில்லை. மென்பொருள் நிறுவல்களை முதல் உள்நுழைவுக் கட்டளைகளில் வைத்தேன். அவை வரிசை எண்படி, ஒரே ஒரு முறை, உள்ளே நுழைந்த நிர்வாகிக் கணக்கில் ஓடும். ஏதாவது சிக்கிக்கொண்டால் கண்ணெதிரே தெரியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒவ்வொரு கட்டளையின் வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் ஒரு பதிவுக் கோப்பில் சேர்க்கிறேன். அதில் 3010 என்று வந்தால் பதற வேண்டியதில்லை: நிறுவல் வெற்றி, மறுதொடக்கம் மட்டும் பாக்கி.

விடைக்கோப்பில் நிர்வாகியின் கடவுச்சொல்லும் இருக்கிறது. அதைப் படிக்க முடியாதபடி மறைத்துவைத்தாலும் அது வெறும் உருமாற்றம்தான், குறியாக்கம் அல்ல. பென் டிரைவை எடுப்பவர் எளிதில் படித்துவிடுவார். அதனால் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை வைத்து, ஆறாவது மடிக்கணினியும் முடிந்த அன்றே எல்லாவற்றிலும் மாற்றிவிட்டேன்.