எட்டு அவுட்

நேற்றிரவு டொராண்டோவில் பேஸ்பால் அரையிறுதித் தொடரின் கடைசி ஆட்டம்; ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது. சியாட்டில் மரைனர்ஸ் 3-1 என முன்னிலை. இன்னும் எட்டே அவுட் எடுத்திருந்தால், 1977-இல் பிறந்த எங்கள் அணி முதன்முறையாக உலகத் தொடரில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில் நின்றிருக்கும். முப்பது அணிகளில் அந்த வாசலை மிதிக்காதது நாங்கள் மட்டும்தான். அப்போது டொராண்டோவின் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன்னில் (மைதானத்துக்கு வெளியே பறந்த அடி) அவரும் பேஸில் நின்ற இருவரும் சேர்த்து மூன்று ரன். 4-3. அத்தோடு முடிந்தது.

அந்த இரண்டு பேர் பேஸில், ரன்னுக்கு ஓடத் தயாராக, நிற்கும்போது எங்கள் கடைசி நேரப் பந்துவீச்சாளர் முனோஸைத்தான் பந்துவீச அனுப்பியிருக்க வேண்டும். கடைசி இன்னிங்ஸுக்கு என்று அவரைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன பயன்? ஆட்டத்தின் உயிர் அந்த ஏழாவது இன்னிங்ஸில்தான் இருந்தது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

2001 சீசனில் 116 வெற்றி பெற்றும் பிளேஆஃபில் நியூயார்க் யாங்கீஸிடம் வீழ்ந்தோம். பிறகு இருபது வருடம் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. அந்த வறட்சியைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் எங்கள் வீரர் கால் ராலேயின் அருமை தெரியும். நாள்தோறும் பந்தடிப்பவருக்குப் பின்னால் முட்டி மடக்கி உட்கார்ந்து பந்து பிடிக்கும் ஒரு கேட்சர், ஒரே சீசனில் 60 ஹோம் ரன்! நேற்றும் ஒன்று அடித்தார். இந்த அணியை உடைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் அதே தொப்பியோடு வருகிறேன்.