பிழை எல்லையையும் சேர்த்துச் சொல்வது

துகள் இயற்பியலில் எந்த அளவீடும் இரண்டு எண்களாகவே வெளிவரும்: அளந்தறிந்த மதிப்பு ஒன்று, உண்மை மதிப்பு அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்று சொல்லும் பிழை எல்லை மற்றொன்று. ஆய்வுக் குழுக்கள் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிடுவது இரண்டாவது எண்ணைத் தீர்மானிப்பதற்குத்தான். செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் குழு 2023இல் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை 125.11 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறைக்கும் ஆற்றலுக்குமான அலகு) என்று அறிவித்தபோது, அதனுடன் 0.11 என்ற பிழை எல்லையையும் அறிவித்தது. அந்தச் சிறிய எண்ணுக்குள் பல ஆண்டுகளின் வேலை அடங்கியிருக்கிறது. அதே முடிவு செய்தியாகப் பொதுமக்களிடம் வந்து சேரும்போது முதல் எண் மட்டும் மிஞ்சும். பல நேரங்களில் அதுவும் மிஞ்சாமல் தலைப்பு மட்டுமே நிற்கும். பொது வாசகர்களுக்காக இயற்பியல் எழுதிவருபவன் என்ற முறையில், இத்துறையைப் பகிர்ந்துகொள்வதில் உள்ள முதன்மையான குறை இதுவே என்று கருதுகிறேன். கணிதம் கடினமானது, துகள்கள் கண்ணுக்குத் தென்படாதவை என்பவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். அவற்றைப் பொறுமையாக விளக்கிவிட முடியும். ஆய்வாளர்கள் தங்கள் முடிவை எந்த அளவுக்கு நம்புகிறார்கள், ஏன் அந்த அளவுக்கு மட்டும் நம்புகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், வாசகருக்கு வேறு வழியில்லை. அறிவித்தவரை நம்பியோ நம்பாமலோ போக வேண்டியதுதான்.

2012 ஜூலை 4 அன்று, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரு குழுக்களும் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் புதிய துகள் ஒன்று தென்படுவதாக அறிவித்தன. ஒரு முடிவு தற்செயலான ஏற்ற இறக்கத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சிக்மா என்ற அளவால் குறிப்பார்கள். இரு குழுக்களின் முடிவுகளும் ஏறத்தாழ 5 சிக்மாவை எட்டியிருந்தன. ஹிக்ஸ் போசான் இருப்பதற்கான வாய்ப்பு 99.9999 விழுக்காட்டுக்கும் மேல் என்று அதற்குப் பொருள் கூறிய செய்திகள் பல. உண்மையில் அந்த எண் சொல்வது வேறு. அப்படி ஒரு துகளே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே அறிந்த நிகழ்வுகள் மட்டும் தற்செயலாகக் கூடித் தரவு வரைபடத்தில் இத்தகைய மேட்டை, அல்லது இதைவிடப் பெரியதை, உண்டாக்குவதற்கான வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்று என்பதே 5 சிக்மாவின் பொருள். நாணயத்தை 22 முறை சுண்டி, ஒவ்வொரு முறையும் தலையே விழுவதற்கான வாய்ப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். செய்திகள் சொன்னதும் 5 சிக்மா சொல்வதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. முதலாவது துகளைப் பற்றிய தீர்ப்பு, இரண்டாவது தற்செயலைப் பற்றிய கணக்கு.

இத்தனை கடுமையான வரம்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, நல்ல கேள்வி. நாணயம் சுண்டுபவர் ஒருவர் மட்டுமே என்றால் 10 முறை தொடர்ந்து தலை விழுந்தாலே ஐயம் கொள்ளலாம். ஆயிரக்கணக்கானோர் சுண்டிக்கொண்டிருந்தால் அவர்களில் யாராவது ஒருவருக்கு அப்படி விழத்தான் செய்யும். செர்னில் புரோட்டான்களை மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவியின் தரவுகளில் நூற்றுக்கணக்கான பகுப்பாய்வுகள் நடக்கின்றன; ஒவ்வொன்றிலும் எந்த ஆற்றலில் மேடு தோன்றும் என்று முன்கூட்டியே தெரியாது. பல இடங்களில் தேடுபவர் எங்கோ ஓரிடத்தில் தற்செயலான மேட்டைக் கண்டே தீருவார். எனவே ஓரிடத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடும் சிக்மா ஒன்று, தேடிய இடங்கள் அனைத்தையும் கருத்தில் கொண்டு கணக்கிடும் சிக்மா மற்றொன்று என்று ஆய்வுக்கட்டுரைகள் இரண்டையும் தனித்தனியே தரும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை 2015 டிசம்பரில் கண்டோம். இரண்டு ஃபோட்டான்களாக, அதாவது ஒளித்துகள்களாக, சிதையும் நிகழ்வுகளில், 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே இரு குழுக்களும் சிறு மேடு ஒன்றைக் கண்டன. அட்லஸ் குழுவின் கணக்கில் அந்த இடத்தை மட்டும் பார்த்தால் 3.6 சிக்மா, தேடிய பரப்பு முழுவதையும் கருதினால் ஏறத்தாழ 2 மட்டுமே. குழுக்கள் இரண்டு எண்களையும் மறைக்காமல் வெளியிட்டன. இருந்தும், அது என்ன துகளாக இருக்கலாம் என்று விளக்கிக் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் சில மாதங்களில் எழுதிக் குவித்த கட்டுரைகள் 500க்கும் மேல். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் கூடுதல் தரவுகள் வெளிவந்தபோது மேடு மறைந்துபோயிருந்தது. இதைத் துறையின் அவமானம்போலச் சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு சிக்மா மேடுகள் மறைவது இயல்பு, மறையாமல் போவதே வியப்பு. மேடு தோன்றியபோது கிடைத்த இடத்தில் பாதியையாவது அது மறைந்தபோதும் செய்தியாளர்கள் கொடுத்திருந்தால், புள்ளியியலைப் பற்றி அதைவிடச் சிறந்த பாடம் பொதுமக்களுக்குக் கிடைத்திருக்காது.

சிக்மா பெரிதாக இருந்தால் போதும் என்று முடிவுகட்டுவதும் பிழை. 2011 செப்டம்பரில் ஓபரா குழு, செர்னிலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோக்கள் என்ற மிக இலேசான துகள்கள், ஒளி வந்துசேர வேண்டிய நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்ததாக அறிவித்தது. அதன் மதிப்பு 6 சிக்மா. ஹிக்ஸ் அறிவிப்பில் இருந்ததைவிட அதிகம். பின்னர், நேரக் குறிப்பைக் கொண்டுவரும் ஒளியிழை வடம் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்ததே முதன்மையான காரணம் என்று தெரியவந்தது. 2012இல் செய்த புதிய அளவீடுகளில் நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தை மீறவில்லை. தற்செயலை மட்டுமன்றி, ஆய்வாளர் கணக்கில் சேர்த்த கருவிப் பிழைகளையும் சிக்மா உள்ளடக்கும். அவர் அறியாத பிழையை அதனால் உள்ளடக்க இயலாது. அதைப் பிடிப்பதற்குப் புள்ளியியலில் வழியில்லை. வேறு குழு, வேறு கருவி, வேறு முறை என்று திரும்பச் செய்து பார்ப்பது ஒன்றே வழி. செர்னில் அட்லஸ், சிஎம்எஸ் என்று இரு பெரும் உணர்கருவிகளைத் தனித்தனியாக வடிவமைத்து, தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைத்ததன் நோக்கமும் இதுவே. ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் வீண்செலவல்லவா என்று கேட்பவர்களிடம் நான் ஓபராவைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

இவற்றையெல்லாம்விடப் பொதுமக்களிடம் எளிதில் சென்றுசேரக்கூடியது, ஆய்வாளர்கள் தங்கள் விருப்பத்திலிருந்தே தங்களைக் காத்துக்கொள்ளும் முறை. எதிர்பார்த்த விடை வந்ததும் பிழை தேடுவதை நிறுத்திவிடுவது மனித இயல்பு. அதைத் தடுக்க, பகுப்பாய்வு முடியும்வரை விடையைத் தங்களுக்கே தெரியாமல் மறைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவானின் காந்தத் திருப்புதிறனை (அது எவ்வளவு வலிய காந்தம் என்பதை) அளந்த குழு, தன் கடிகாரத்தின் சரியான அதிர்வெண்ணை அறியாமலேயே வேலை செய்தது. அந்த எண் இல்லாமல் இறுதி விடையைக் கணக்கிட முடியாது. குழுவைச் சேராத இருவர் அந்த எண்ணை அமைத்து, எழுதி, உறையில் இட்டு வைத்திருந்தார்கள். 2021 தொடக்கத்தில், பகுப்பாய்வில் இனி மாற்றமில்லை என்று குழு வாக்களித்து முடிவுசெய்த பிறகே உறை திறக்கப்பட்டது. உறை திறந்து எண்ணை இடும்வரை, பல ஆண்டு உழைப்பின் விடை அங்கிருந்த எவருக்கும் தெரியாது. கண்டுபிடிப்பின் பரபரப்பை விரும்பும் ஊடகங்கள் பல இந்தக் காட்சியை எப்படித் தவறவிட்டன என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

அந்த முடிவு ஏப்ரல் 7 அன்று வெளியானபோது, கோட்பாட்டுக் கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையே 4.2 சிக்மா இடைவெளி இருப்பதாகவும், இயற்பியலின் அடித்தளம் ஆட்டங்காண்பதாகவும் எழுதினார்கள். அதே நாளில் வெளியான மற்றொரு கட்டுரையை மிகச் சிலரே கவனித்தனர். அணுக்கருவுக்குள் செயல்படும் வலிய விசையின் பங்கைக் கணினிவழி வேறு முறையில் கணக்கிட்ட அந்தக் கட்டுரை, இடைவெளி மிகச் சிறியதாக இருக்கலாம் என்று காட்டியது. 2025 ஜூனில் ஃபெர்மி ஆய்வகம் தன் இறுதி முடிவை, நூறு கோடியில் 127 பங்கு என்ற வியத்தகு துல்லியத்துடன் வெளியிட்டது. அதற்குச் சற்று முன்பு கோட்பாட்டாளர்களும் கணினிவழிக் கணக்குகளை ஏற்றுத் தங்கள் கணிப்பைத் திருத்தியிருந்தார்கள். இரண்டும் இப்போது ஒத்துப்போகின்றன. அளவீட்டுக்குப் பிழை எல்லை இருப்பதுபோலவே கோட்பாட்டுக் கணிப்புக்கும் பிழை எல்லை உண்டு என்பது இந்த நிகழ்வின் வழியாக எளிதாக விளக்கக்கூடிய செய்தி. விளக்கியவர்கள் குறைவு.

எளிமைப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எளிமை என்ற பெயரில் பொய் நுழைந்துவிடக் கூடாது. எல்லாப் பொருள்களுக்கும் நிறையைத் தருவது ஹிக்ஸ் புலம் என்ற வாக்கியம் எங்கும் காணப்படுகிறது. ஹிக்ஸ் புலம் வெளியெங்கும் பரவியிருப்பது; ஹிக்ஸ் போசான் அதன் அதிர்வு. புரோட்டானின் நிறை ஏறத்தாழ 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள குவார்க்குகள் என்ற அடிப்படைத் துகள்கள் ஹிக்ஸ் புலத்திலிருந்து பெறும் நிறையைக் கூட்டினால் அதில் ஒரு விழுக்காடு அளவுக்கே வரும். மீதியெல்லாம் குவார்க்குகளையும் குளுவான்களையும் பிணைக்கும் வலிய விசையின் ஆற்றல். அடிப்படைத் துகள்களின் நிறைக்கு ஹிக்ஸ் புலம் காரணம் என்று எழுதினால் வாக்கியம் ஒரு சொல்கூட நீளாது.

தரவுகளையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது இன்னொரு வகைப் பகிர்வு. செர்ன் 2014இல் தன் திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கியது. 2017இல் சிஎம்எஸ் குழுவுக்கு வெளியே இருந்த இயற்பியலாளர்கள் அந்தத் தரவுகளைக் கொண்டே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். இது வரவேற்கத்தக்கது. எனினும் திறந்த தரவு என்பது நடந்தவை அனைத்தின் பதிவு அன்று. மோதுவியில் புரோட்டான் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை குறுக்கிடும். அவற்றில் சில ஆயிரம் நிகழ்வுகளே சேமிக்கப்படும், மற்றவை நொடியின் சிறு பகுதிக்குள் கைவிடப்படும். எதை வைப்பது, எதை விடுவது என்ற அந்தத் தேர்வைப் பற்றிய விளக்கமும் தரவுடன் செல்லாவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவர் இல்லாத மேட்டைக் காண்பார், இருப்பதைத் தவறவிடுவார்.

அடுத்த பெரும் முடுக்கியைப் பற்றிய விவாதத்தில் இந்தக் கேள்விகள் அனைத்தும் கூர்மையடையப் போகின்றன. செர்னின் 2025ஆம் ஆண்டு அறிக்கை முன்வைக்கும் எதிர்கால வட்ட மோதுவியின் சுற்றளவு ஏறத்தாழ 91 கிலோமீட்டர். அதன் முதற்கட்டச் செலவு ஏறத்தாழ 1,500 கோடி சுவிஸ் பிராங்க். இப்போதுள்ள 27 கிலோமீட்டர் மோதுவியைக் கட்டியபோது இயற்பியலாளர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருந்தது: ஹிக்ஸ் போசான் கிடைக்கும், அல்லது அதன் வேலையைச் செய்யும் வேறு ஏதேனும் அந்த ஆற்றல் எல்லைக்குள் தென்பட்டே தீரும் என்று கோட்பாடே உறுதியளித்தது. புதிய மோதுவிக்கு அத்தகைய உறுதி இல்லை. அதனால் செய்யக்கூடியது, ஹிக்ஸ் போசான் மற்றத் துகள்களுடன் எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்பதை இன்றைய அளவீடுகளைவிடப் பல மடங்கு துல்லியமாக அளப்பது. அந்த அளவீடு கோட்பாட்டிலிருந்து விலகலாம், விலகாமலும் இருக்கலாம். புதிய துகள்கள் காத்திருப்பதாகச் சொல்லிப் பொதுப்பணத்தைக் கேட்பது எளிது. துல்லியத்துக்காக மட்டும் கேட்பது கடினம். ஆயினும் நான் எழுதும்போது இரண்டாவது காரணத்தையே முன்வைப்பேன். செலவு வேண்டாம் என்று வாசகர் முடிவுசெய்தால், உண்மை நிலையை அறிந்தே அப்படி முடிவுசெய்திருப்பார்.