பயண இ-சிம்மும் நம் ஊர் எண்ணும்: விமானம் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அதிகம் கேட்பது, எந்த நிறுவனத்தின் இ-சிம் (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம்) மலிவு என்பதைத்தான். விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்கு அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். நம் இந்திய எண்ணை அந்த நாட்களில் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதை யாரும் கேட்பதில்லை. வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, வாட்ஸ்அப் என எல்லாமே அந்தப் பத்து இலக்கங்களோடு பிணைந்திருக்கின்றன. இணையம் இல்லாமல் ஒரு நாளை எப்படியும் சமாளிக்கலாம். ஓடிபி வராமல் நின்றுபோன பணப் பரிமாற்றத்தை அயலூரில் இருந்துகொண்டு சரிசெய்வது மிகக் கடினம். இந்திய எண் தொடர்பான சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இந்தியாவுக்குள் இருக்கும்போது மட்டுமே எளிதாகத் தீர்க்க முடியும் என்பதால், இந்த ஏற்பாடு முழுவதையும் புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தங்கையின் குடும்பம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வசிப்பதால், அப்பாவும் அம்மாவும் அங்கே போய்வரும்போதெல்லாம் அவர்களுடைய போன்களைத் தயார்செய்து கொடுப்பது என் பொறுப்பு. அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் போன். ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகள் இயங்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது இ-சிம்மாக இருக்க முடிய வேண்டும். ஐபோனில் 2018ஆம் ஆண்டு வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் வகைகளிலிருந்து இந்த வசதி உண்டு. 13ஆம் வரிசையிலிருந்து இரண்டு இ-சிம்களையே ஒருசேர இயக்கலாம். ஆண்ட்ராய்டில் விலை குறைந்த பல போன்களில் இது இருப்பதில்லை. டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அழுத்தினால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு, இஐடி என்ற 32 இலக்க எண்ணும் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம்மை ஏற்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் தவணை முறையில் வாங்கிக் கொண்டுவந்த போனாக இருந்தால், அது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டில் எதை எதில் வைப்பது என்பதில் என் முடிவு தெளிவானது. இந்திய எண் பிளாஸ்டிக் சிம்மாகவே இருக்கட்டும். பயணத்துக்கான இணைப்பு மட்டும் இ-சிம்மாக இருக்கட்டும். பயணத்தின் நடுவே போன் கீழே விழுந்து திரை போய்விட்டால், பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டு அடுத்த நிமிடமே ஓடிபி வாங்கலாம். இந்திய எண்ணும் இ-சிம்மாக இருந்தால் அதை வேறு போனுக்கு மாற்ற சேவை நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். அந்த உறுதிப்படுத்தல் பல நேரங்களில், திரை போன அதே போனுக்கு வரும் குறுஞ்செய்தியாக இருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. சிம் மோசடிகளைத் தடுப்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறை 2022ஆம் ஆண்டு பிறப்பித்த கட்டளைப்படி, சிம்மை மாற்றினாலோ பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்முக்கு மாறினாலோ, அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருவதும் அதிலிருந்து போவதும் 24 மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கப்படும். விமானம் ஏறும் நாளில் கடைக்குப் போய்ப் புதிய சிம் வாங்குகிறவருக்கு, வெளிநாட்டில் இறங்கும் வேளையில் ஒரு ஓடிபியும் வராது. சிம் பழையதாகித் தேய்ந்திருந்தால் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பாவது மாற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக் சிம்மில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கூட்ட நெரிசலில் போன் திருடு போனால், திருடியவர் திரைப் பூட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. சிம்மை எடுத்து வேறு போனில் செருகினால் உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி அவருக்குப் போகும். இதற்குச் சிம் பின் எண் என்ற பாதுகாப்பு எல்லாப் போன்களிலும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. நிறுவனம் முதலில் கொடுத்திருக்கும் பின் எண் எது என்று கேட்டறிந்து, அதைக் கொண்டு வசதியை இயக்கி, பிறகு உங்களுக்கான எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறப்பதற்கான பியூகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் சிம் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். ஆகவே பியூகே எண்ணை முன்பே கேட்டு வாங்கி, வீட்டிலும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வது நல்லது. வயதானவர்கள் கொண்டுபோகும் போனில் இதைச் செய்துவைத்தால், போனை அணைத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கு இலக்கங்களைக் கேட்கும் என்பதைப் பொறுமையாகச் சொல்லிப் பழக்க வேண்டும். அம்மாவுக்குப் பழக இரண்டொரு நாள் ஆயிற்று. இப்போது அவரே அதை இயல்பாகச் செய்கிறார்.

அடுத்தது ரோமிங், அதாவது நம் எண் வெளிநாட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இயங்குவது. இந்தச் சொல்லைக் கேட்டாலே பெரிய கட்டணம் வரும் என்ற அச்சத்தில், பலர் இந்தியச் சிம்மை அணைத்தே வைத்துவிடுகிறார்கள். கட்டணம் ஏறுவது டேட்டாவாலும், எடுக்கும் அழைப்புகளாலும், நாம் அனுப்பும் குறுஞ்செய்திகளாலும்தான். ரோமிங்கில் வந்துசேரும் குறுஞ்செய்திக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. எனவே சர்வதேச ரோமிங் சேவையைச் செயலியிலோ வாடிக்கையாளர் மையத்திலோ இயக்கிவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அந்தச் சிம்முக்கு நிறுத்தி வைத்தால் ஓடிபி வந்துகொண்டே இருக்கும். ப்ரீபெய்டு எண்ணாக இருந்தால் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். சாதாரண ரீசார்ஜின் காலம் பயணம் முடியும் வரை இருக்க வேண்டும். ரோமிங் பேக் எதுவும் இல்லாமலே அந்த நாட்டில் நெட்வொர்க் கிடைக்குமா என்பதை நிறுவனத்திடம் நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டறிய வேண்டும். பேக் கட்டாயம் என்றால் இருப்பதில் சிறியதைப் போட்டாலே போதும். அழைப்புகளைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் நிமிடக் கணக்கில் பணம் போகும் என்பதால், வீட்டாரிடமும் நண்பர்களிடமும் வாட்ஸ்அப்பில் மட்டும் அழைக்கும்படி முன்பே சொல்லிவிடுவது நலம்.

போனின் அமைப்புகளில் செய்ய வேண்டியவை சிலவே என்றாலும், ஒன்று தவறினாலும் பணம் போகும். மொபைல் டேட்டாவுக்குப் பயண இ-சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிம்மில் சமிக்ஞை குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதி ஒன்று இருக்கும். அதை நிறுத்த வேண்டும். டேட்டா ரோமிங் இந்தியச் சிம்முக்கு நிறுத்தத்திலும், பயண இ-சிம்முக்கு இயக்கத்திலும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விவரத்தில்தான் பலர் குழம்பிப் போகிறார்கள். பயண இ-சிம் விற்கும் நிறுவனங்களில் பல, வேறொரு நாட்டு நிறுவனத்தின் இணைப்பை வாங்கி விற்கின்றன. ஜெர்மனியில் பயன்படுத்தும்போது அந்த இணைப்பும் அங்கே விருந்தாளியாகவே இருக்கிறது. அதனால் அதற்கு ரோமிங்கை இயக்காவிட்டால் சமிக்ஞையைக் காட்டும் கோடுகள் முழுவதும் தெரியும், இணையம் மட்டும் வராது.

இந்தக் காரணத்தாலேயே இன்னொரு விளைவும் உண்டு. உங்கள் இணையப் போக்குவரத்து அந்த மூன்றாவது நாட்டின் வழியாக வெளியேறினால், நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்திருந்தாலும் இணையதளங்கள் உங்களை வேறு நாட்டவராகக் கருதும். சில வங்கிச் செயலிகள் இதைச் சந்தேகத்துக்குரிய நடவடிக்கையாக எடுத்துக்கொண்டு உள்நுழைய விடாமல் தடுக்கலாம். அப்படி நேர்ந்தால், தங்கியிருக்கும் வீட்டின் வைஃபையில் முயன்று பார்ப்பது பெரும்பாலும் பலன் தரும்.

இ-சிம் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் வெளிநாட்டுச் சிம்களை விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லை என்பதால் 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்லை ஆகிய நிறுவனங்களின் செயலிகள் இந்தியாவில் நீக்கப்பட்டன. உரிய அனுமதியுடன் விற்பவர்களிடம் வாங்குவதே பாதுகாப்பு. வாங்கியதும் வீட்டு வைஃபையில் இருந்தபடியே கியூஆர் குறியீட்டை வருடி நிறுவிவிடுங்கள். பெரும்பாலான திட்டங்களில் நாட்கணக்கு அந்த நாட்டு நெட்வொர்க்கில் முதன்முதலாக இணையும்போதுதான் தொடங்கும். ஆனால் நிறுவிய உடனே தொடங்கும் திட்டங்களும் உள்ளன என்பதால் அந்த வரியைப் படித்துவிட்டு நிறுவ வேண்டும். குறியீடு பொதுவாக ஒரு முறைதான் வேலை செய்யும். இணையம் வரவில்லை என்ற பதற்றத்தில் இ-சிம்மை நீக்கிவிட்டு மறுபடி வருட முயன்றால் புதிதாக வாங்க வேண்டிய நிலை வரலாம்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் சுவிட்சர்லாந்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே தனி ரோமிங் கட்டணம் இல்லை; நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவையும் அந்த ஏற்பாட்டில் உள்ளன. சுவிட்சர்லாந்து அதில் இல்லை. விசாவுக்கு ஷெங்கன் பகுதியில் அதுவும் அடங்குவதால், ஒரே விசாவில் போகலாம் என்பதைப் போல ஒரே இ-சிம்மிலும் போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச்சுக்குப் போகும் ரயில் ஜிங்கன் நகரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஷாஃப்ஹவுசன் என்ற சுவிஸ் ஊருக்குள் நுழையும். அந்த நாடு உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் இணையம் அங்கேயே நின்றுவிடும். ‘ஐரோப்பா’ என்று பெயரிட்ட திட்டத்தை வாங்குமுன் நாடுகளின் பட்டியலை விரித்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், துருக்கி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இனி வங்கி. யுபிஐ செயலிகளும் பல வங்கிச் செயலிகளும், முதன்முதலாகப் பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தாமாக அனுப்பி, இந்தப் போனில் இந்த எண் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்கின்றன. போனையோ சிம்மையோ மாற்றினால் அந்தப் பதிவை மீண்டும் செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து அந்தக் குறுஞ்செய்தி போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. பயணத்துக்கென்று புதிய போன் வாங்குகிறவர்கள், எல்லாச் செயலிகளையும் அதில் பதிந்து, ஒரு ரூபாயாவது அனுப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வங்கி அட்டைகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்ட நிலையிலேயே வரும். அதை நாம்தான் செயலியில் இயக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வகுத்த புதிய விதிகள், குறுஞ்செய்தி ஓடிபி தவிர்த்த மற்ற உறுதிப்படுத்தும் முறைகளுக்கும் வங்கிகளை ஊக்குவிக்கின்றன. உங்கள் வங்கி செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் வசதியையோ மின்னஞ்சலில் ஓடிபி அனுப்பும் வசதியையோ வைத்திருந்தால், அதை ஊரிலேயே இயக்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே, பயண இ-சிம்மின் டேட்டாவில் இயங்கும். எண்ணை மாற்ற வேண்டுமா என்று அது கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் கட்டளையிட்டது. இந்தியச் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் பழைய வழக்கத்தை விட்டுவிட இதுவும் ஒரு காரணம்.

இறங்கியதும் ஓடிபி வருகிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். வங்கிச் செயலியில் ஓடிபி கேட்கும் ஏதாவது ஒரு சிறிய வேலையைச் செய்து பார்த்தால் போதும். வராவிட்டால் விமானப் பயன்முறையை இயக்கி நிறுத்திப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், இந்தியச் சிம்முக்கு நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வதை நிறுத்திவிட்டு, பட்டியலில் உள்ள நிறுவனங்களை ஒவ்வொன்றாக நீங்களே தேர்ந்தெடுங்கள். பழைய 2ஜி, 3ஜி சேவைகளைப் பல நாடுகள் மூடிவருவதால், 4ஜி நெட்வொர்க்கிலேயே அழைப்புகளைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி வசதி இயக்கத்தில் இருப்பதும் அவசியம். விமானத்துக்குள்ளும் சொகுசுக் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க்குகள் உண்டு, அவற்றின் கட்டணம் மிக அதிகம். அங்கே விமானப் பயன்முறையை விட்டு வெளியே வராமல் இருப்பதே பாதுகாப்பு.

படிக்கவோ வேலைக்கோ போய் நெடுநாள் தங்குகிறவர்களின் நிலை வேறு. ப்ரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாட்கள் பயன்படுத்தாமல் இருந்தால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எண்ணை நீட்டித்துத் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதையே நம்பியிருப்பதைவிட ஆண்டு ரீசார்ஜ் நிம்மதி தரும். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்றும், அவற்றின் காலம் 365 நாட்கள் வரை இருக்கலாம் என்றும் 2024 டிசம்பரில் டிராய் விதி திருத்தியதால், பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்களே ரீசார்ஜ் செய்துவிடலாம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023ஆம் ஆண்டு அனுமதி வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்கள் அப்போது சேர்க்கப்பட்டன. ஜெர்மனி அந்தப் பத்தில் இல்லை. அதனால் தங்கையின் இந்திய எண்ணுக்கு ஆண்டு ரீசார்ஜை ஊரிலிருந்து நான்தான் போட்டுவருகிறேன்.