கொலுசுப் பட்டறைக்கு 500 பேக்லிங்க்

சேலத்தில் சிறு தொழில் செய்பவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் ஹோம்ஸ்டே என்று வாடிக்கையாளர்கள் பல தினுசு. தொழில் எதுவானாலும் எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் ஒரே மாதிரி பிடிஎஃப் ஒன்று வந்து சேர்ந்துவிடும். மாதம் இவ்வளவு கட்டினால் 500 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு), எல்லாமே டிஏ (தளத்தின் செல்வாக்குக்குப் போடும் மதிப்பெண்) 50-க்கு மேல், கூகுளில் முதல் பக்கம் உறுதி. அடுத்த நாள் எனக்கு போன் வரும். "தம்பி, இதைப் போட்டுப் பார்க்கலாமுங்களா?"

வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் என் பதில். ஆனால் 'கூகுள் தண்டித்துவிடும்' என்று நான் பயமுறுத்துவதில்லை. அது பாதி உண்மைதான்.

ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்பு கொடுத்தால் அதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1998-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். சிபாரிசுக்கு மதிப்பு வந்த பிறகு அதை விற்க ஆள் வராமல் இருப்பார்களா? 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் பல நிஜமாகவே அடி வாங்கின. 2016-ல் அந்த முறை மாறியது. இப்போது இந்த மாதிரி லிங்க்கைக் கண்டால் பெரும்பாலும் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கூகுளின் ஆட்கள் பார்த்துக் கொடுக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் இன்னும் இருக்கிறது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நோட்டீஸ் வந்து நிற்கும். ஆனால் கொலுசுப் பட்டறைக்காரருக்குப் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. ஒன்றுமே நடக்காது. மாதாமாதம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பேக்கேஜ் வாங்கியவர்கள் அனுப்பும் எக்செல் ரிப்போர்ட்டைத் திறந்து, வரி வரியாக அந்தப் பக்கங்களைப் போய்ப் பார்ப்பது எனக்குப் பழக்கம். தொழிலின் சொந்தக்காரர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. மொத்த எண்ணிக்கையைப் பார்த்ததோடு சரி. உள்ளே போனால் எவனோ கைவிட்ட வெளிநாட்டு ஃபோரத்தில் ஒரு ப்ரொஃபைல். காலாவதியான டொமைனை யாரோ வாங்கி நடத்தும் ஒரு தளம். அதில் நம்ம ஊர்க் கொலுசுக்கு மேலே கேசினோ விளம்பரம், கீழே முடி வளரும் எண்ணெய். எல்லாவற்றிலும் 'சேலத்தின் சிறந்த வெள்ளிக் கொலுசு உற்பத்தியாளர்' என்ற அதே வரி, ஆங்கிலத்தில், ஒரு எழுத்து மாறாமல். அந்தப் பக்கத்தின் முகவரியைக் கூகுளில் தேடினால் பல நேரம் பக்கமே அகப்படாது. கூகுள் சேர்த்துக்கொள்ளாத பக்கத்தில் இருக்கும் லிங்க்கால் கூகுளில் என்ன ஏறும்?

டிஏ என்று போட்டிருக்கிறார்களே என்பார்கள். அது மாஸ் என்ற நிறுவனம் தன் கணக்குக்குப் போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கட்டி வாங்கும்போது டச் (வெள்ளியின் தூய்மை) பார்க்காமல் ஒரு கிராம் வாங்காத மனிதர், விற்கிறவர் சொன்ன எண்ணை நம்பி இதற்கு மட்டும் பணம் கட்டுவது எனக்குப் புரிவதே இல்லை.

இதைவிட எரிச்சல் இரண்டாவது பேக்கேஜ். லிங்க் விற்ற அதே ஆட்கள் சில மாதம் கழித்து வந்து, "உங்கள் தளத்துக்குக் கெடுதல் செய்யும் டாக்ஸிக் லிங்க் நிறைய இருக்கிறது, நீக்கித் தருகிறோம்" என்பார்கள். 'இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே' என்று நாமே சொல்லிவிட, கூகுள் 2012-லேயே டிஸ்அவோ என்ற வசதியைக் கொடுத்துவிட்டது. அதைத் தொடுவதற்குக் காசு ஒன்றும் இல்லை. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே சொல்லியும் இருக்கிறது.

சரி, அப்படியானால் இணையத்துக்கென்று பணமே செலவழிக்கக் கூடாதா? தாராளமாகச் செலவழிக்கலாம். லிங்க்குக்குக் கொடுக்காமல், லிங்க் கிடைக்கக் காரணமாகிற வேலைக்குக் கொடுக்க வேண்டும். ஏற்காட்டு ஹோம்ஸ்டே அக்கா அதைத்தான் செய்தார். பேக்கேஜுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு போட்டோகிராபரை வரவழைத்தார். எழுதிக் கொடுக்க ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் சம்பளம் கொடுத்தார். கோடை மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காபி பூக்கும், வாசனை எப்படி இருக்கும், அந்தப் பூ எவ்வளவு சீக்கிரம் உதிரும், பழம் பறிப்பது எந்த மாதம், சேலம் பக்கமிருந்து ஏறும்போது வரும் 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், குப்பனூர் வழியாக ஏறினால் பரவாயில்லையா என்று ஒரு பக்கம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் அவர் வாயால் சொல்வதுதான் அத்தனையும். பூ சீசனில் பெங்களூரிலிருந்து வந்து பயணம் எழுதுகிறவர்கள் யாரும் கேட்காமலே அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் அதை அழுத்தி வந்தவர்கள் ரூமும் கேட்டார்கள்.

கொலுசுக்காரருக்கு இந்த வழி சரிப்படாது. கொலுசு செய்வதைப் படிக்க எத்தனை பேர் வருவார்கள்? அவருக்கு வேறு சொத்து இருந்தது. வெளியூரில் அவரிடம் சரக்கு எடுக்கும் கடைகளில் சிலருக்கு வெப்சைட் உண்டு. "எங்க சரக்கு இன்ன பட்டறையில் இருந்து வருதுன்னு ஒரு வரி போடுங்க" என்று போனில் கேட்டதில் சிலர் போட்டார்கள். சிலர் மறுத்துவிட்டார்கள், பட்டறை பெயர் தெரிந்தால் வாடிக்கையாளர் நேராக இங்கே வந்துவிடுவாரே என்ற பயம் நியாயம்தான். உள்ளூரில் தேடுகிறவர்களுக்கு கூகுள் மேப்பில் சரியான முகவரி, நேரம், நிஜமான ரிவியூ இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

காசு கொடுத்த லிங்க் எதுவுமே வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்றுமதி செய்யும் சிலருடைய போட்டியாளர்கள் நல்ல பத்திரிகைத் தளங்களில் இடம் வாங்கி மேலே நிற்பதைப் பார்க்கத்தான் செய்கிறேன். அது எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விளம்பரமாக இடம் வாங்குவதைக் கூகுள் தடுக்கவில்லை. அந்த லிங்க்கில், இதைச் சிபாரிசாக எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறி இருக்க வேண்டும் என்கிறது. குறி போட்டால் தரவரிசைக்கு அது உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பக்கத்தை மனிதர்கள் படிக்கிறார்களா?

அதனால் கட்டாயம் வாங்கியே தீருவேன் என்கிறவர்களிடம், லிங்க் வரப்போகும் பக்கங்களின் முகவரியை முதலில் வாங்குங்கள், அங்கே மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள், போட்ட பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள் என்கிறேன். பெரும்பாலும் முதல் கேள்விக்கே விற்கிறவர்களிடமிருந்து பதில் வருவதில்லை.