பழுதைப் பற்றிப் பேசும் இடைவேளை

தொழில்நுட்ப வேலையில் இருக்கும் நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் பேச்சு ஏதாவது ஒரு பழுதில் போய் நிற்கும். இடைவேளையிலும் வேலைப் பேச்சா என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்ளலாம். கையேட்டில் ஏறாத அறிவு கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

1980களில் மானுடவியலாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரப் பழுதுபார்ப்பாளர்களுடன் கூடவே இருந்து இதைக் கவனித்தார். சாப்பிடும்போதும் அவர்கள் இயந்திரக் கதைகளையே சொல்லிக்கொண்டார்கள். இயந்திரம் காட்டும் பிழை எண் ஒன்றாக இருக்கும், கோளாறு வேறு பாகத்தில் இருக்கும். எந்த எண்ணை எப்போது நம்பக்கூடாது என்பது கதைகளில்தான் இருந்தது. பின்னாளில் இத்தகைய குறிப்புகளைத் திரட்ட அந்நிறுவனம் யுரேகா என்ற முறையைக் கொண்டுவந்தபோது, குறிப்புகளைச் சக பணியாளர்களே சரிபார்த்தார்கள். எழுதியவர் பெயரும் குறிப்போடு இருந்தது. அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பழுதுக் கதையைச் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் என்ன தெரிந்தது, எதைச் சந்தேகித்தோம், எந்தச் சோதனை அந்தச் சந்தேகத்தைத் தள்ளியது, கடைசியில் காரணம் என்ன. "டிஸ்க் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்" என்று விடையை முதலிலேயே போட்டுவிட்டால் கேட்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தள்ளப்பட்ட சந்தேகங்களில்தான் பாடம் இருக்கிறது. யார் செய்தது என்ற கேள்வி மட்டும் வரக்கூடாது. ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த வாரம் யாரும் தன் தவறைச் சொல்லமாட்டார்கள்.

இந்தப் பேச்சைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். மேலாளர் ஆர்வத்தோடு வந்து உட்கார்ந்து "அந்த டிக்கெட் (பதிவான பழுதுப் புகார்) எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டதும் இடைவேளை மீட்டிங் ஆகிவிடும். அவர் வரட்டும், தன் பங்குக்குத் தானும் ஒரு பழைய பழுதைச் சொல்லட்டும். ஆள் எண்ணிக்கையும் முக்கியம்: நாலைந்து பேரைத் தாண்டினால் பேச்சு இரண்டாகப் பிரியும், அல்லது ஒருவரே பேசுவார்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு வேறு சிக்கல். இணையத் தொழில்நுட்ப விதிகளை விவரிக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1998 ஏப்ரல் 1 அன்று வந்த ஆர்எஃப்சி 2324, காபி இயந்திரங்களை இணையம் வழியே இயக்குவதற்கான நெறிமுறை என்று வேடிக்கையாக எழுதப்பட்டது. காபி போடச் சொன்னால் தேநீர்க் கெண்டி 418 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. "418" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரிக்கும்போது, விவரம் தெரியாதவர் ஒப்புக்குச் சிரிப்பார். உடனே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். குழுவுக்குள் புழங்கும் சுருக்கப் பெயர்களுக்கும், சர்வர்களுக்கு வைத்த செல்லப்பெயர்களுக்கும் இதுவே பொருந்தும்.

சந்திப்புகளை வேலை நேரத்துக்குள்ளேயே வைப்பது நல்லது. மாலையில் வைத்தால் வீட்டில் குழந்தையைப் பார்க்க வேண்டியவரும் எந்த நேரத்தில் அழைத்தாலும் பழுதைப் பார்க்க வேண்டிய ஆன்-கால் பொறுப்பில் இருப்பவரும் விடுபடுவார்கள். நள்ளிரவுப் பழுதுகளை அதிகம் பார்த்தவர் அந்த ஆன்-கால் ஆள்தான்.