தம்பிக்கு ஸ்கேன்: கடலூர் நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

தம்பிக்கு 46 வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். காலையில் பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி, நுனியைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றுவது பல வருஷமாக அவன் வேலை. வேறு யாரும் தொடக்கூடாது. இந்த வாரம் கழுவிய பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கத்தரிக்கோல் கண்ணெதிரே ஆணியில் தொங்குகிறது. "அப்புறம் என்னக்கா?" என்கிறான். வயசாகிறது, இவர்கள் இப்படித்தான் என்கிறார்கள் தெருவில். அதை ஏற்க எனக்கு மனசில்லை.

ஜூன் 17

டாக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதவில்லை. தைராய்டு, பி12, காது, கண்புரை, தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு எல்லாம் முதலில் பார்க்கவேண்டும். இவற்றில் எது கெட்டாலும் மறதி நோய் மாதிரியே தெரியுமாம்.

மறதி நோய்க்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். மறதி நோயில் மூளையில் படிவது அமிலாய்டு என்ற புரதம். அதற்கு மூலமான ஜீன் 21வது குரோமோசோமில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள இவர்களுக்கு மூன்று. அதனால் 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அமிலாய்டு படிந்துவிடுகிறது. ஆனால் மறதி வெளியே தெரிவது பெரும்பாலும் 50ஐத் தாண்டித்தான். ஆக, அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தாலும் 'இருக்கிறது' என்றுதான் வரும். பால் பாக்கெட்டோடு ஏன் நிற்கிறான் என்பதற்கு அது மட்டும் பதில் ஆகாது.

ஜூன் 26

காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னான்! மற்றதெல்லாம் சரி. பாக்கெட் விஷயம் மட்டும் மாறவில்லை. எம்.ஆர்.ஐ.க்குத் தேதி வாங்கியாயிற்று.

ஜூலை 2

மயக்க மருந்து வேண்டாம் என்று இருக்கிறோம். இவர்களுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கலாம், மூச்சுக்குழாயும் குறுகல். அதனால் வீட்டிலேயே பழக்கம். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்க வைத்து, போனில் மெஷின் சத்தத்தைப் போடுகிறேன். "டெய்லர் கடையாக்கா?" என்றான். ஆமாம்டா, சட்டை தைக்கிறாங்க, அசையாதே என்றேன். படுத்துக் கிடக்கிறான், பாவம்.

ஜூலை 9

புதுச்சேரி. அரைஞாணில் இருந்த வெள்ளித் தாயத்தைக் கழற்ற விடவே இல்லை. என் மணிக்கட்டில் கட்டிக்காட்டிய பிறகுதான் சம்மதித்தான். நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பியதால் ஒரு படத்தைத் திரும்ப எடுத்தார்கள். முடித்துவிட்டான். என் தம்பி முடித்துவிட்டான்!

ஜூலை 16

ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சிறுத்திருக்கிறது என்று ரிப்போர்ட். ரத்தக்கசிவோ பக்கவாதத் தடயமோ இல்லை. ஆனால் டவுன் சிண்ட்ரோமில் அந்தப் பகுதி இயல்பிலேயே கொஞ்சம் சிறிது. மற்றவர்களின் அளவோடு ஒப்பிட்டு முடிவுகட்ட முடியாது. அவனுடைய பழைய படம் இருந்தால்தான் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். பழைய படம் இல்லை. 35 வயதிலேயே இவர்களால் என்னென்ன முடிகிறது என்று பதிந்து வைக்கும் வழக்கம் நம் ஊரில் ஏன் வரவில்லை? எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

அவன் முன்பு என்னென்ன செய்தான், எது எப்போது நின்றது என்று எழுதித் தரச் சொன்னார் டாக்டர். நோயை முடிவுசெய்ய ஸ்கேனைவிட அதைத்தான் அதிகம் நம்புவாராம். இன்று இரவே ஆரம்பித்துவிட்டேன். இன்னொன்றும் சொன்னார்: காலையில் எழுந்ததும் கை கால் வெட்டி வெட்டி இழுத்தால் உடனே வீடியோ எடுக்கவேண்டும். இந்த நோயோடு வலிப்பும் சேர்ந்து வரலாம், அதற்கு மாத்திரை உண்டு.