எழுபத்தாறாம் வாய்ப்பாடு

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் 1500 மீட்டரை 4 நிமிடம் 45 நொடியில் ஓடுகிறான். பதினொன்றாம் வகுப்பில் 3000 மீட்டர், 9:30. கல்லூரி முதலாண்டில் 5000 மீட்டர், 15:50. மூன்றாமாண்டில் 10,000 மீட்டர், 31:40. நான்கையும் 400 மீட்டர் ரவுண்டுக்கு வகுத்துப் பாருங்கள். நான்குக்கும் ஒரே விடைதான் வரும்: ரவுண்டுக்கு 76 நொடி.

ஆறு வருடத்தில் அவன் வேகம் கூடவில்லை. அந்த வேகத்தைத் தாங்கும் தூரம்தான் மூன்றே முக்கால் ரவுண்டிலிருந்து இருபத்தைந்து ரவுண்டாகியிருக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் முன்னேற்றம் என்பது பெரும்பாலும் இதுதான். இதைப் பெற்றோருக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். "போன வருஷமும் இதே வேகம்தானே?" என்பார்கள். 76 என்பது மாவட்ட அளவில் பதக்கத்துக்குப் போட்டி போடும் பையனுக்கு ஒரு உதாரணம், அவ்வளவுதான். 88-ல் ஓடும் பெண்ணுக்கு 3000 என்றால் 11:00, 5000 என்றால் 18:20. கணக்கு அதேதான். உச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்தியாவின் குல்வீர் சிங் 2025 மார்ச்சில் 10,000 மீட்டரை 27:00.22-ல் ஓடினார். ரவுண்டுக்கு 64.8 நொடி, அப்படி இருபத்தைந்து ரவுண்டு.

பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோருக்கு 600 மீட்டருக்கு மேல் கிடையாது. சரியான ஏற்பாடு. ஏழாவது எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு நாலைந்து கிலோமீட்டர் போதும். முடிந்ததும் 80 மீட்டர் ஸ்டிரைட்ஸ் ஆறு. ஸ்டிரைட்ஸ் என்றால் முழு வேகத்தில் பாய்வதில்லை, அழகாக நீட்டி ஓடுவது. மீதி நேரம் கோ-கோ, கபடி என்று எது வேண்டுமானாலும் ஆடட்டும். இந்த வயதில் பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துப் போடுவது யாருக்கு லாபம் என்று தெரியவில்லை.

நேரத்தைப் பற்றிப் பேசுமுன் மைதானத்தை அளக்க வேண்டும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் மண் டிராக்தான். நேர்ப்பகுதி 40 மீட்டர், உள்கோட்டின் வளைவு ஆரம் 18.90 மீட்டர் என்று போட்டால் கணக்கு சரியாக வரும். ஏனென்றால் உள்ளோரத்தில் உயர்த்திய கரை இல்லாத டிராக்கில், கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே ஓடுவதாக வைத்துத்தான் தூரத்தை அளக்க வேண்டும். அப்போது ஆரம் 19.10. இரண்டு வளைவும் சேர்ந்து 120 மீட்டர், இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து 80. அந்த 20 சென்டிமீட்டரை மறந்து கோட்டுக்கே 19.10 வைத்துவிட்டால் ஒவ்வொரு ரவுண்டும் ஒன்றேகால் மீட்டர் கூடிவிடும். 3000 மீட்டருக்குப் பதினைந்து ரவுண்டு, ஆக 19 மீட்டர் அதிகம். 76 வேகத்தில் அது மூன்றரை நொடி. பையன் மோசமாகிவிட்டான் என்று அவனைத் திட்டுவதற்கு முன் கயிறை எடுத்து ஆரத்தை ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, 200 மீட்டர் வட்டத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடினால் இரண்டு காலுக்கும் ஒரே சுமை விழாது. மெல்லோட்ட நாட்களில் பாதித் தூரத்தை எதிர்த்திசையில் ஓட விடுங்கள். முடிந்தால் டிராக்கை விட்டே வெளியே வந்து, கண்மாய்க்கரை, தோப்புப் பாதை என்று மண்ணாக இருக்கும் இடத்தில் ஓடலாம்.

இனி முக்கியமான விஷயம், மெல்லோட்டம். நம்மிடம் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான். 9:30 ஓடும் பையனின் மெல்லோட்டம் கிலோமீட்டருக்கு 4:45 முதல் 5:15 வரை இருக்கலாம். 400 மீட்டர் ரவுண்டுக்கு 1:54 முதல் 2:06. பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஆனால் என்ன நடக்கிறது? எட்டுப் பேர் கூட்டமாகக் கிளம்புவார்கள், இரண்டாவது கிலோமீட்டரில் ஒருவன் முந்துவான், மற்றவர்களுக்கு ரோஷம் வரும், கடைசிக் கிலோமீட்டர் 3:50-ல் முடியும். தினமும் ஒரு போட்டி. மெல்லோட்டமாகவும் இல்லாமல் வேகப் பயிற்சியாகவும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட ஓட்டம் அது. மறுநாள் ரிப்பிட்டிஷன், அதாவது ஒரே தூரத்தை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடும்போது கால் வராது. ஜூலையில் குறுவட்டப் போட்டியில் பறந்தவன் மாநிலப் போட்டி வரும்போது சோர்ந்து நிற்பதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்க்கலாம். கூட்டத்திலேயே மெதுவாக ஓடுபவனை முன்னால் விட்டு, யாரும் அவனைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பதினாறு வயதுப் பையனுக்கு வாரம் 45 கிலோமீட்டர் அளவு. திங்கள் 7 கிலோமீட்டர் மெல்லோட்டம், முடிவில் ஸ்டிரைட்ஸ். செவ்வாய் 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 76, நடுவில் 90 நொடியில் 200 மீட்டர் மெல்ல ஓடுவது. புதன் 6 கிலோமீட்டர். வியாழன் டெம்போ, அதாவது போட்டி வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துச் சீராக ஓடுவது: வார்ம் அப் முடித்து 20 நிமிடம், கிலோமீட்டருக்கு 3:35 முதல் 3:40. வெள்ளி ஓய்வு. சனி 6 கிலோமீட்டர், பிறகு மேட்டில் 60 மீட்டர் எட்டு முறை. ஞாயிறு 11 கிலோமீட்டர், அதுவும் மெதுவாக. செவ்வாய்க்கிழமை எட்டையும் 76-ல் முடித்துவிட்டு, "சார், கடைசியை 68-ல் ஓடட்டுமா?" என்று கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறாவதே 79-க்கு இறங்கிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு உடம்பில் அவ்வளவுதான் இருக்கிறது.

போட்டிக்கு முன் மனப்பாடம் செய்ய வேண்டியது எழுபத்தாறாம் வாய்ப்பாடு. 3000 மீட்டர் ஏழரை ரவுண்டு என்பதால் முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கும். முதல் அரை ரவுண்டு முடிந்து கோட்டைத் தாண்டும்போது 38 நொடி. பிறகு 1:54, 3:10, 4:26, 5:42, 6:58, 8:14, முடிவில் 9:30. பையன் தூக்கத்தில் எழுப்பினாலும் இதைச் சொல்ல வேண்டும். மாவட்டப் போட்டியில் துப்பாக்கி வெடித்ததும் பாதிப் பேர் முதல் 200 மீட்டரை 32-ல் ஓடுவார்கள். நம்மவன் பதினைந்தாவது ஆளாக 38-ல் வருவான். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவுக்கு நெஞ்சு பதறும். நான்காவது ரவுண்டிலிருந்து முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கி அவனிடம் அகப்படுவார்கள். 5:42-க்குப் பிறகு வரும் அடுத்த இரண்டு ரவுண்டுகள்தான் கஷ்டம். உற்சாகமும் தீர்ந்திருக்கும், கடைசி ரவுண்டு மணியும் அடித்திருக்காது. பெரும்பாலும் 79, 80 என்று நழுவுவது அங்கேதான். அதனால் பயிற்சியில் அந்தப் பகுதிக்கென்றே, 1600 மீட்டர் டெம்போ ஓடி முடித்த கையோடு 76-ல் இரண்டு 400 வைப்பது நல்லது.

ஒரே போட்டியில் 800, 1500, 3000 மூன்றிலும் பெயர் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. பள்ளிக்குச் சாம்பியன்ஷிப் பாயிண்ட் வேண்டும், அது புரிகிறது. ஆனால் ஹீட்ஸ், ஃபைனல் என்று இரண்டு நாளில் நான்கைந்து ஓட்டம் ஓடிய பையனை மறுநாளே பயிற்சிக்கு வரச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் மெல்லோட்டம் மட்டும் போதும்.

உயரம் மளமளவென்று கூடும் மாதங்களில் தூரத்தைக் குறைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்புறம் எலும்பு புடைத்து வலித்தாலோ, குதிகால் பின்புறம் வலித்தாலோ அது பெரும்பாலும் வளரும் வயதின் வலி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். கணுக்காலுக்கு மேலே கணைக்காலில் வரும் வலியைத்தான் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எலும்போரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவி, ஓட ஓடக் குறைந்தால் தூரத்தைப் பாதியாக்கி மண்ணில் ஓடலாம். ஒரே விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடத் தொடங்கக் கூடாது.

பிறகு பிளஸ் டூ வரும். நம் ஊரில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அதிகம் காணாமல் போகும் இடம் இதுதான். நவம்பரில் நிறுத்தினால் மார்ச் பொதுத்தேர்வு, பிறகு நுழைவுத்தேர்வு, கவுன்சலிங் என்று எட்டு மாதம் போய்விடும். திரும்பி வரும்போது உடம்பில் ஐந்து கிலோ கூடியிருக்கும், மனதில் மட்டும் பழைய 9:30 இருக்கும். முதல் வாரமே பழைய வேகத்தில் ஓடிப் பின்தொடையைப் பிடித்துக்கொள்வான். இதைத் தவிர்க்க வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் மெல்லோட்டம், ஆறு ஸ்டிரைட்ஸ் போதும். படிப்புக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் குறையும். அதைக்கூட விட்டுவிட்டவனுக்குக் கல்லூரியில் முதல் எட்டு வாரம் கடிகாரமே கொடுக்கக் கூடாது. 25 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு மூன்று நான்கு கூட்டி 45-க்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்.

கல்லூரியில் தூரம் 5000, 10,000, தடைகளும் நீர்க்குழியும் தாண்டும் ஸ்டீபிள்சேஸ், காடுமேடு ஓடும் கிராஸ்கன்ட்ரி என்று விரியும். வாரக் கணக்கு முதலாண்டில் 65, மூன்றாமாண்டில் 85, 90 வரை போகலாம். ஒரு வருடத்தில் இருபதுக்கு மேல் கூட்டினால் ஏதாவது ஒரு எலும்போ நரம்போ கணக்குக் கேட்கும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அதே 76 தொடரும், ஓய்வுதான் சுருங்கும். பதினேழு வயதில் 400 பத்து முறை, இடையில் 75 நொடி. பத்தொன்பதில் பன்னிரண்டு முறை, 60 நொடி. பிறகு 800 ஆறு முறை 2:32-ல், இடையில் இரண்டு நிமிடம். இருபது வயதில் 1000 எட்டு முறை 3:10-ல், இடையில் 90 நொடி. இந்தக் கடைசிப் பயிற்சியை மூச்சுத் திணறாமல் முடிப்பவன் 31:40-க்குத் தயார்.

விடுதிச் சாப்பாடு தனிப் பிரச்சினை. பயிற்சி காலை ஐந்தரைக்கு, மெஸ் திறப்பது ஏழரைக்கு மேல். முதல் நாள் இரவே இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கு அரை மணி முன் ஒரு பழம், ஓடி முடித்ததும் மற்றதெல்லாம். ஓட்டக்காரப் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது மிகச் சாதாரணம். ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், முதலில் குறைவது அதுதான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருந்த இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் கடுமையாகப் பயிற்சி செய்வதன் அடையாளம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். அடுத்து எலும்புதான் பாதிக்கப்படும். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஊசி விஷயத்திலும் கவனம் வேண்டும். போட்டிக்கு முன் காய்ச்சல் என்று போனால் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து போட்டுவிடுவது உண்டு. 2022 ஜனவரி 1 முதல் அதை எந்த வகையில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடைதான். "நான் அத்லெட், ஊக்கமருந்துச் சோதனை இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷூவைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி. 2024 நவம்பர் 1 முதல் டிராக் ஓட்டங்களில் அடிப்பாகத் தடிமன் 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சாலை ஓட்டத்துக்கு 40 வரை அனுமதி என்பதால், கடன் வாங்கி எடுத்த கார்பன் தட்டு ஷூவோடு டிராக்குக்கு வந்து நிற்கிறார்கள். சின்தெடிக் டிராக்குக்கு 6 மில்லிமீட்டர் ஆணி உள்ள சாதாரண ஸ்பைக்ஸ் போதும். புது ஸ்பைக்ஸைப் போட்டியன்று முதன்முறையாகப் போட்டால் ஆறாவது ரவுண்டில் கெண்டைச்சதை கல்லாகிவிடும். மூன்று வாரம் முன்பே ஸ்டிரைட்ஸுக்குப் போட்டுப் பழக வேண்டும்.

10,000 மீட்டரில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது கோட்டோரம் ஓடுவது. வளைவுகளில் இரண்டாவது லேனிலேயே ஓடினால் ரவுண்டுக்கு ஏழு மீட்டர் கூடும். 5000-லேயே அது 88 மீட்டர், கிட்டத்தட்ட 17 நொடி. முந்துவதாக இருந்தால் நேர்ப்பகுதியில் முந்த வேண்டும். அதே சமயம் கோட்டுக்கு உள்ளேயும் கால் போகக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த கோ. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரில் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000-ல் மூன்றாவதாக வந்தும், முந்தும்போது கால் டிராக்குக்கு உள்ளே பட்டதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டு வெண்கலத்தை இழந்தார். அதனால் பயிற்சியிலேயே உள்கோட்டோரம் பத்து மீட்டருக்கு ஒரு கூம்பு வைத்து, அதை உரசாமல், விலகியும் போகாமல் ஓடப் பழக்குவது உண்டு.

இருபத்தைந்து ரவுண்டில் எண்ணிக்கை தவறுவது சகஜம். பதினைந்துக்குப் பிறகு மூளை கணக்குப் போடாது. முடிவுக்கோட்டில் உள்ள பலகையை மட்டும் நம்பாமல், ஒரு நண்பனை வேலிக்கு வெளியே நிறுத்தி ஐந்து ரவுண்டுக்கு ஒருமுறை கத்தச் சொல்லலாம்: 6:20, 12:40, 19:00, 25:20. மணி அடிக்கும்போது கடிகாரத்தில் 30:24 இருக்க வேண்டும்.